சத்தம் குறைந்த கிதார்

“வாயை மூடு ஃபெரூஜா! கிதார் வாசிச்சு அப்பனைப் பனியில துரத்திக் கொன்னவனா மெஸியான்? யார்கிட்ட சொல்ற நீ?”

“ஊரே சொல்லுது பெரியம்மா. உள்ள மகன் டொய்ங் டொய்ங்னு மீட்டிக்கிட்டிருந்தான், வெளிய கிழவர் பனியில நின்னாரு. என் கண்ணால பார்த்தேன்.”

“பார்த்தியே, ஏன் நின்னாருன்னு கேட்டியா?”

ஊற்றடியில் ஃபெரூஜாவின் குடம் நிரம்பி வழிந்ததே தவிர, வாய் ஓயவில்லை. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன், அதுதான் என் பாவம்.

மெஸியான் எங்கள் மலையூருக்கும் திஸி உஸு நகரத்துக்கும் நடுவே ஓடும் பேருந்தில் நடத்துனர். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் அவனும் அப்பா அக்லியும்தான். ரொட்டி சுடுவது அவன், அடுப்புக்கு விறகு பிளப்பது அவர். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து மட்டும். பகலெல்லாம் ஊர்ப்பெயர்களைக் கத்தித் தொண்டை கட்டியவனுக்குச் சாயங்காலத்தில் கத்தாத ஒன்று வேண்டியிருந்தது. கல்யாண வீட்டில் வாசிக்க அல்ல, பேர் வாங்க அல்ல. சும்மா, சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம்.

அத்தி காயப்போடும் பருவத்தில் கண் மருத்துவரிடம் என்னைக் கூட்டிப்போனான். திரும்பும்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பெலயித்தின் கடைக்குள் நுழைந்தான். பழைய கிதார்களைப் பழுது பார்த்து விற்பவர் அவர். அவன் கண் நேரே ஒரு கறுப்புக் கிதார் மேல் போனது. பளபளப்பு, இரும்புத் தந்தி. பெலயித் ஒரு தட்டுத் தட்டினார், கடையே அதிர்ந்தது.

“வேணாம்ணே, இது தெரு முழுக்கக் கேக்கும்.”

“கேக்கறதுக்குத்தானே தம்பி கிதாரு!”

“எங்க வீட்ல அப்பா இருக்காரு.”

பெலயித்துக்குப் புரிந்தது. எங்கள் மலையில் அப்பன் காதில் விழும்படி மகன் பாட மாட்டான். பாட்டென்றால் அதில் ஒரு பெண் வருவாள், ஏக்கம் வரும். அது அப்பனும் மகனும் சேர்ந்து கேட்கும் சங்கதி இல்லை. மகன் வாத்தியத்தைத் தொட்டால் அப்பன் எழுந்து வெளியே போய்விடுவார். திரும்பி வரும்போது வாசலில் இருமுவார், மகன் நிறுத்திவிடுவான். இரண்டு பேர் மானமும் பிழைக்கும்.

அடுத்து எடுத்துக் கொடுத்ததில் தந்தி பலகையை விட்டு எம்பி நின்றது. இரண்டு அழுத்து அழுத்தினான், விரலில் கோடு விழுந்தது. கடைசியாக ஒரு பழுப்பு நிறக் கிதார். நைலான் தந்தி, துளைக்குப் பக்கத்தில் ஒரு கீறல். அதன் கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், கோணல் இல்லை. நானும் வாங்கி முதுகைத் தட்டிப் பார்த்தேன்.

“என்ன பெரியம்மா, தர்பூசணியா இது?” என்று சிரித்தான்.

“போடா. எதுவானாலும் தட்டிப் பார்த்துத்தான் வாங்கணும். சத்தம் கம்மியா இருக்கே.”

“அதுக்குத்தான் இதை எடுக்கறேன்.”

விலையும் குறைவு. கட்டிக் கொடுக்கும்போது பெலயித் ஒன்று சொன்னார்: “மாசக்கணக்கா வாசிக்காம வைக்கிறதா இருந்தா தந்தியைத் தளர்த்திடு தம்பி. இழுவையில மரம் வளைஞ்சிடும்.”

மூன்றாம் நாளே கோழிகளை அடைக்கப் போனபோது சந்தில் அக்லியைப் பார்த்தேன். கம்பளி அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மகன் அறைச் சுவரில் தோளும் காதும் ஒட்டி நின்றார். மகனோ அவர் காபிக்கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

“இங்க என்ன பண்றீங்க?”

“ஷ்ஷ். எட்டி நின்னா ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.”

“உள்ள போய்க் கேக்கறது!”

“நான் கேக்கறேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவான். அப்புறம் தொடவே மாட்டான். சொல்லிடாதே தாயி, உன் பிள்ளைங்க மேல ஆணை.”

ஆணையிட்ட பிறகு என்ன செய்வது? தினமும் நின்றார். ஸ்டூல் கொண்டுபோய் வைத்தேன், உட்காரவில்லை. “இன்னிக்கு மூணாவது தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கு” என்பார், பெரிய வித்துவான் மாதிரி.

பிப்ரவரியில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. பேருந்து ஓடவில்லை. மெஸியான் வீட்டிலேயே இருந்தான், வழக்கத்தைவிட நீள வாசித்தான். அப்பா காபிக்கடைக் கணப்போரம் கதகதப்பாக இருக்கிறார் என்ற நிம்மதியில் வாசித்தான். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். “இந்த ஒண்ணு முடியட்டும்” என்றார். நான்காம் நாள் நெஞ்சில் சளி. ஒன்பதாம் நாள் அவரை இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து ஊர் பேசியது. கிதார் கிழவரை வெளியே தள்ளியது என்றது. மெஸியான் மறுத்துப் பேசவில்லை. அவனும் அதையே நம்பினான். பொறுக்க மாட்டாமல், நாற்பதாம் நாள் கூஸ்கூஸ் சாப்பாடு பரிமாறி எல்லோரும் போன பிறகு, ஆணையை உடைத்தேன்.

“உன் சத்தம் அவரைத் துரத்தலடா. அதைக் கேக்கத்தான் அங்க நின்னாரு.”

“எங்க?”

சந்துக்குக் கூட்டிப்போனேன். தோள் பட்ட இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து மண் தெரிந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தான்.

“அந்தக் கறுப்புக் கிதாரை வாங்கியிருந்தா, காபிக்கடையில உக்காந்தே கேட்டிருப்பாரு.”

அவன் மனம் ஆறும் என்று நினைத்துத்தான் சொன்னேன், அது வேறு வழியில் போய்விட்டது.

“ஏதாவது சொல்வாரா?”

“ஒரு பாட்டைப் பாதியில நிறுத்திடுவியாமே. அதுல மட்டும் கோவம்.”

“அதுக்கு மேல அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது பெரியம்மா” என்றான். அப்போதுதான் அழுதான்.

மறுநாள் காலை ஒரு பையோடு வந்தான். கிதாரைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தான்.

“கொஞ்ச நாள் வச்சுக்கோங்க.”

“எங்கடா போற?”

“ஓரான் பட்டணத்துல வேலை இருக்காம். சீக்கிரம் வந்துடுவேன்.”

காய்ந்த அத்தியும் ரொட்டியும் கட்டிக் கொடுத்தேன். அவன் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினான். சந்துப் பக்கம் திரும்பாமல் சுற்றுவழியில் போய், தான் சீட்டுக் கிழித்த அதே பேருந்தில் பயணியாக ஏறினான். வண்டி வளைவில் மறைந்ததும் துணியைப் பிரித்து ஒரு விரலால் இழுத்துப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. ஆறு தந்தியையும் தளர்த்தியிருந்தான்.