மாத்திரை போட்ட முதுகு

"குனிஞ்சு கால் விரலைத் தொடுங்க பாக்கலாம்" என்றார் டாக்டர்.

மாமனார் குனிந்தார். தொட்டார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"ராத்திரி தூக்கம்?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன் சார்."

"அப்புறம் எதுக்குய்யா வந்தீங்க?"

"மருமக கூட்டிட்டு வந்துச்சு சார்."

பக்கத்தில் ஃபைலை மடியில் அணைத்து உட்கார்ந்திருந்த மருமகளுக்கு எதைச் சொல்ல, எதை விட என்று தெரியவில்லை. "டாக்டர், வீட்டுல இவரு..." என்று ஆரம்பித்தாள். "நோயாளி பேசட்டும்மா" என்று டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டார். அவர் எழுதியதை அவள் தலைகீழாகவே படித்துவிட்டாள். நன்றாகக் குனிகிறார். வலி இல்லை.

ராணுவ மருத்துவ வாரியத்தின் முன் வைக்க அவள் நம்பியிருந்த சான்று அதுதான்.

மாமனார் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். தெருவில் மட்டும் மேஜர். ஒரு மலைச்சரிவில் வண்டியோடு உருண்டதில் முதுகெலும்பு நசுங்கியது. இப்போது இடது கால் மரத்துக்கொண்டே வருகிறது. அறுவை செய்யாவிட்டால் கால் போய்விடும் என்றார்கள். ஊனம் பணியில் வந்ததுதான் என்று வாரியம் ஒப்புக்கொண்டால் படை மருத்துவமனையே அறுவை செய்யும். இல்லையென்றால் வெளியில் பணம் கட்டிச் செய்ய வழியே இல்லை. மனு இரண்டு முறை தள்ளுபடியாகியிருந்தது. இது கடைசி முறை.

வீட்டு வாசலில் மாமியார் காத்திருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்க முடியாமல் மாமனார் கம்பியைப் பிடித்துத் தொங்கியதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அங்க போய் வில்லா வளைஞ்சிருப்பாரே! வீட்டுல முனகல், வெளியில முறுக்கு. கிளம்பறப்ப மூணு வலி மாத்திரையை முழுங்கினாரும்மா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

"நிஜமா மாமா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மெடிக்கல்னா பாஸாகணும்ல? ஃபெயிலானா வண்டிச் சாவியைப் பிடுங்கிடுவாங்கம்மா. நாங்க டிரைவருங்க எல்லாருமே மாத்திரையைப் போட்டுட்டுத்தான் போய் நிப்போம்."

"இப்ப எந்தச் சாவியைப் பிடுங்கப் போறாங்க?" என்றாள் மாமியார். "கட்டில் சாவியா?"

மருமகள் காகிதங்களைக் கட்டில்மேல் ஆண்டுவாரியாகப் பரப்பினாள். விபத்து அறிக்கையில் லாரிக்கு என்னென்ன உடைந்தது என்று இரண்டு பக்கம் இருந்தது. ஓட்டியவரைப் பற்றி ஒரே வரி: காயமில்லை. அன்று வண்டிகளுக்கு ஆள் குறைவு. கம்பவுண்டர் கட்டுப் போட்டுவிட, மறுநாளே இன்னொரு லாரியை ஓட்டிப் போயிருக்கிறார். பிறகு ஒவ்வோர் ஆண்டுச் சோதனையிலும் 'தகுதி', 'தகுதி'. ஓய்வு பெற்ற நாளிலும் அதேதான். அந்தக் கம்பவுண்டரை முன்பே தேடிப் பார்த்திருந்தாள், அவர் இறந்து போயிருந்தார். மீதமிருந்தது ஒரு புது எக்ஸ்ரே. எலும்பு நசுங்கியதைக் காட்டும். எப்போது நசுங்கியது என்று அது சொல்லாது.

அன்று வந்த சான்றை எந்த ஆண்டின் அடியில் வைத்தாலும் அது மற்றதையெல்லாம் விழுங்கியது. அதை ஒளித்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். நகலை டாக்டரே வாரியத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

"வாரியத்துலயும் குனியச் சொல்லிப் பாப்பாங்க. இனி உங்க உடம்புதான் மாமா சாட்சி. வேற ஒண்ணும் நம்ம கையில இல்ல" என்றாள்.

வாரியத்துக்குப் போகும் காலையில் அவர் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷூ கண்ணாடிபோல் மின்னியது. குனிய முடியாது என்பதால் மாமியார்தான் தரையில் உட்கார்ந்து நாடா கட்டிக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். அதை மருமகளிடம் நீட்டினார்.

"இதை நீ வெச்சுக்கம்மா. அந்த வாசலைப் பாத்ததும் கேப்பேன். கெஞ்சுவேன். உன்னைத் திட்டினாலும் திட்டுவேன். என்ன ஆனாலும் குடுத்துடாதே."