பிளேனின் அடிவயிறு

எங்கள் வீட்டில் ஞாயிறு மாலைச் செபமாலை மட்டும் தலைதெறிக்க ஓடும். காரணம் மாமா. அம்மாவின் தமையன், கனடாவில், மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டியவர். ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் விமானி வந்துவிடுவார் என்பதால் கடைசி அருள்நிறை மந்திரங்களை மாமா ஒரே மூச்சில் உருட்டிவிடுவார். கொஞ்சம் முந்தித் தொடங்கலாமே என்று ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

விமானியின் வாழ்க்கையைப் புனிதர் வரலாறு சொல்வதைப் போலச் சொல்வார் மாமா. வடக்கே, தெரு போகாத காட்டுக்குள் பிறந்தவர். மீசை முளைக்குமுன்பே ஏரியில் இறங்கும் சின்னப் பிளேனை ஓட்டப் பழகியவர். தபால், மா மூட்டை, பல் வைத்தியர், பிரசவ வலி கண்ட பெண்கள் என்று எல்லாவற்றையும் எல்லோரையும் ஏற்றி இறக்கியவர். அவரைப் படமெடுக்க வந்த தொலைக்காட்சிக்காரர் மேகத்துக்குள் வாந்தியெடுத்துச் சுருண்டுவிட, ஒரு கையில் பிளேனும் மறு கையில் மைக்குமாக இவரே பேசி முடித்தாராம். அன்றிலிருந்து அவர் நட்சத்திரம். பிறகு மேப்பிள் மரச்சாற்றுப் பாணி விளம்பரத்திலும் வந்தார். அதை மட்டும் மாமா வரலாற்றில் சேர்ப்பதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. வாயைப் பிளந்தபடி பார்ப்பேன். பிளேன் சத்தம் கேட்டதும் சனம் வீடுகளிலிருந்து ஏரிக்கரைக்கு ஓடிவந்து கையசைக்கும். விமானி இறக்கையை ஒருபக்கம் சரித்து வணக்கம் சொல்வார். அம்மா திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உடுப்பு மடிப்பார். ஒருநாள் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, பிளேன் சத்தத்துக்கு உந்தச் சனம் ஏன் வெளியில ஓடி வருது?"

மாமா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். இதுவும் ஒரு கேள்வியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தக் கோடையில் விமானி மொன்றியலுக்கு எதிர்க்கரையில், புரோசார்ட் ஆற்றங்கரைக்கு வந்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாராம். தாயோ தகப்பனோ நேரில் வந்து சம்மதம் சொல்லவேண்டும். அப்பாவுக்கு அன்று வேலை. நான் அழுது, சாப்பிடாமல் கிடந்து, மாதாவுக்கு நேர்த்தியும் வைத்தேன். அம்மா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மாமாவின் காரில் ஏறினார்.

பாலத்துக்கு அப்பாலிருந்து முதலில் சத்தம்தான் வந்தது. கூட்டம் முழுவதும் தண்ணீரை நோக்கி ஓடியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார். கழிப்பறைக் கட்டடத்தின் சுவரோடு என்னை அமுக்கி, "கதையாதை, குனி" என்றார். பிளேன் தண்ணீரில் இறங்கும் அழகைப் பார்க்க முடியாமல் போன ஆத்திரத்தில் நான் கத்திக் குழறினேன்.

மாமா எங்களைத் தேடி வந்தார். "எடி பிள்ளை, இது கனடாவடி."

"எனக்குத் தெரியும் அண்ணை. காலுக்குத்தான் தெரியேல்லை."

போர்க்காலத்தில் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் குண்டு விழும், பங்கர்க் குழிக்குள் ஓடிப் பதுங்கவேண்டும் என்பதையெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. இங்கே பிறந்த எனக்கு வெட்கம் மட்டும்தான் மிச்சம்.

பக்கத்தில் பார்த்தபோது விமானி மலை மாதிரி இருந்தார். தாடி, பெற்றோல் மணம், முறம் போன்ற கைகள்.  கரையிலிருந்த எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் அதைப் பார்க்கவேயில்லை. இறங்குதுறைப் பலகையில் குந்தி, மிதவைகளுக்கு நடுவே தலையை நீட்டி, பிளேனின் அடிவயிற்றைப் பார்த்தார்.

"இதுக்குக் கீழ என்ன கட்டுறவர் எண்டு கேளுங்கோ அண்ணை."

மாமா தயங்கித் தயங்கிப் பிரெஞ்சில் கேட்டார். விமானி சிரித்தார். வழக்கமாக ஓடம் கட்டுவாராம். ஒருமுறை கட்டில்கூடக் கட்டியிருக்கிறாராம். இன்றைக்கு ஒன்றுமில்லை என்றார். அம்மா இன்னொருமுறை குனிந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி அந்தத் தகரத்தைத் தடவினார்.

"அப்ப பிள்ளை ஏறட்டும்."

மேலே போனதும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கீழே பார்த்தேன். துறைமுகத்துக் கொள்கலன்கள் தீப்பெட்டிகளாகக் கிடந்தன. மாமா அத்தனை பெருமையடித்த பாரந்தூக்கிகள் எல்லாம் என் விரல் உயரம். ஆறு வெயிலில் மினுங்கிக்கொண்டு உலகத்தின் முடிவுவரை போனது. திரும்பி வரும்போது கரைக்கு மேலே தாழப் பறந்தோம். மற்றத் தாய்மார் மர நிழலில் நின்றார்கள். அம்மா மட்டும் புல்வெளியின் நடுவே, வெட்டவெளியில், ஓடாமல் தனியாக நின்றார். அண்ணாந்து பார்த்து மெல்ல மெல்லக் கையை உயர்த்தினார். விமானி இறக்கையைச் சரித்தார்.

உன் அம்மாவும் என் ரசிகையா என்று கேட்டார். ஓம் என்று பெருமையோடு தலையாட்டினேன். அன்று அந்த ஆற்றங்கரைக்கு வந்தவர்களிலேயே பெரிய துணிச்சல்காரர் என் பக்கத்து இருக்கையில் இருக்கிறார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.