குதிரையில் போனது தவமலர் அக்கா

தவமலர் அக்கா போய்விட்டார். இன்று விடியக்காலை... ஆஸ்பத்திரியில்.

செய்தி வந்து கண்ணீர் காயவில்லை. அதற்குள் எங்கள் படக்குழுவின் வட்ஸ்அப்பில் ஓர் அஞ்சலிப் போஸ்ரர். அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் ஆவி பறக்கும் சோற்றுப்பானை. கீழே, "எங்கள் திரைப்படத்துக்கு அன்னமிட்ட அன்னபூரணி."

அன்னபூரணியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு கௌபோய் படம் எடுத்தோம். தொப்பி, துப்பாக்கி, குதிரை, பழிவாங்கல்... எல்லாம் தமிழில். நான் மேக்கப். அந்தப் படத்தின் வீடியோ கசெற் இல்லாத தமிழ் வீடு அப்போது டோர்செட் பார்க்கில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தப் படத்தில் எல்லோரும் இன்றைக்கும் சொல்லும் காட்சி ஒன்றுதான். பனி மூடிய வயல். முகத்தில் லேஞ்சி, அதுதான் கைக்குட்டை, கட்டிய ஹீரோ தனியாகக் குதிரையில் பறந்து வந்து, வேலியைப் பாய்ந்து போவார். ஹோலில் விசில் அடித்தே களைத்துப் போனார்கள்.

அது ஹீரோ இல்லை. தவமலர் அக்கா.

அக்கா அப்போது ஸ்ரௌவ்வில்லுக்கு அங்கால் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை. லாயம் கூட்டுவது, தீனி வைப்பது. பண்ணைக்கார அம்மா அவருக்குக் குதிரையில் ஏறி ஓடவும் பழக்கிவிட்டிருந்தார். எங்களுக்குக் குதிரையும் வயலும் கிடைத்ததே அக்காவால்தான்.

ஹீரோவின் பெயரைச் சொல்ல மாட்டேன். இதைப் படிப்பார், தெரியும். தான் நெடுந்தீவுக் குதிரைகளோடு வளர்ந்தவன் என்று ஒத்திகை நடந்த காலம் முழுக்க அளந்துகொண்டிருந்த மனிதர்.

படம் பிடித்த அன்றைக்கு, ஏறுவதற்கு அங்கவடியில் ஒரு காலைத் தூக்கி வைத்தார். குதிரை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அவ்வளவுதான்... காலை எடுத்துவிட்டார்.

"அண்ணை, எனக்கு இடுப்புப் பிடிச்சிட்டுது."

டிரெக்டர் அண்ணைக்கு அழாத குறை. வெளிச்சம் போகிறது, குதிரையை அந்த ஒரு நாளைக்குத்தான் தந்திருக்கிறார்கள். அக்கா வைக்கோலை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"உந்தத் தொப்பியையும் கோட்டையும் இஞ்ச தாங்கோ. நான் போயிட்டு வாறன்."

லேஞ்சி கட்டினால் மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆனாலும் அக்கா என்னை விடவில்லை. "மீசையையும் ஒட்டு பிள்ளை. காத்துக்கு லேஞ்சி கழண்டா என்ன செய்யிறது?"

ஒட்டினேன். போனார். அந்த வேலியைப் பாய்ந்தபோது டிரெக்டர் அண்ணை கண்ணை மூடிக்கொண்டார், கமராக்காரர் மட்டும் மூடவில்லை. திரும்பி வந்து லேஞ்சியை இறக்கினால் மீசையெல்லாம் பனி.

"இன்னொருக்கா ஓடட்டோ?"

"வேண்டாம் தங்கச்சி, என்ர நெஞ்சு தாங்காது!"

படப்பிடிப்பில் எங்களுக்குச் சாப்பாடு என்ன தெரியுமா? பிளாசாவில் வாங்கிய ரோல்ஸ். பண்ணைக்கு வந்து சேரும்போது கல்லு மாதிரி ஆறிப்போயிருக்கும். அக்கா சமைக்கவே இல்லை. அவருக்குச் சமையல் பிடிக்கவும் பிடிக்காது, வீட்டில் அத்தான்தான் சமையல்.

படம் முடிந்து எழுத்துப் போடும் நேரம் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "என்ர பேரை வடிவாப் போடுங்கோ அண்ணை, குதிரை ஓடினது தவமலர் எண்டு."

ஹீரோ விடவில்லை. "எனக்குப் பதிலா ஒரு பொம்பிளை எண்டு தெரிஞ்சா சனம் சிரிக்கும்."

முதல் காட்சிக்கு அக்கா கூறைச்சேலை கட்டி, குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் எழும்பிப் போன பிறகும் கடைசி எழுத்துவரை இருந்தார்கள். வந்தது... "உணவு: தவமலர்."

அம்மாவின் பெயரைக் கண்டு மகள் கை தட்டினாள். சின்னப் பிள்ளை, என்ன தெரியும்?

பார்க்கிங் லொட்டில் அக்கா என்னிடம் சொன்னார், "நான் ஒருத்தருக்கும் ஒரு தேத்தண்ணிகூட ஊத்திக் குடுக்கேல்லையே பிள்ளை..."

அதற்குப் பிறகு ஹீரோவுக்கு எத்தனை மேடை, எத்தனை பொன்னாடை! ரேடியோவில் குதிரை தன்னைத் தள்ளி விழுத்திய கதை வேறு. ஏறாத குதிரை எப்படி ஐயா விழுத்தும்?

போன வருடம் படத்தை யூரியூப்பில் ஏற்றப் போகிறார்கள் என்று அறிந்து அக்கா டிரெக்டர் அண்ணைக்கு போன் எடுத்தார். "இப்பவாவது மாத்துங்கோ." அவர் சொன்னது, "பாப்பம் தங்கச்சி."

பார்த்தார்கள். அப்படியே ஏற்றினார்கள். ஏற்றிய அன்று அக்காவிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ். "உணவு எண்டேதான் கிடக்கு."

இன்று காலை நானும் போன் எடுத்தேன். "அண்ணை, அந்தப் போஸ்ரரையாவது மாத்துங்கோ."

"செத்த வீட்டில ஏன் பிள்ளை பிரச்சினை?"

பிரச்சினையா? உயிரோடு இருக்கும்போது பெயரைத் தின்றுவிட்டு, செத்த பிறகு கையில் அகப்பையைக் கொடுப்பது பிரச்சினை இல்லையா?

மத்தியானம் அக்காவின் மகள் போன் எடுத்தாள். "அன்ரி, ஃபியூனரல் ஹோமில ஸ்லைட் ஷோ போடுறம். அம்மா ஓடுற அந்த சீன் இருக்கோ? சமையல் எண்டு ஒருத்தரும் பேசக்கூடாது, ப்ளீஸ்."

அனுப்பிவிட்டேன். காட்சியோடு ஒரு போட்டோவும். கீழே போட்டிருக்கிறேன், நீங்களும் பாருங்கள். லேஞ்சி இறக்கி, பனி பிடித்த மீசையோடு குதிரையில் இருந்து சிரிப்பது யார் என்று.

சனிக்கிழமை ஃபியூனரல் ஹோமில் அக்காவைப் பார்வைக்கு வைக்கிறார்கள். ஹீரோவும் மலர்வளையத்தோடு வருவாராம். வரட்டும். முன்வரிசையில் இருக்கட்டும்.

ஸ்லைட் ஷோவில் அந்தக் காட்சியின் மேல் என்ன எழுதுவது என்று மகள் கேட்டாள். அக்கா கேட்டதையே எழுதச் சொன்னேன். "குதிரை ஓடினது தவமலர்."

ஓம் அக்கா... போயிட்டு வாங்கோ.