பென்சிலில் போட்ட டிக்

நான் செய்தது தவறு என்று என் வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. இருபது வருடம் ஆகிறது.

ஷார்ஜாவில் மகளைக் கல்லூரியில் சேர்க்கும் நேரம். மொழி, அறிவியல், இசை, மருத்துவப் பணி என்று அறிமுகப் பாடங்களில் ஒன்றை முதல் வருடத்தில் எடுக்க வேண்டும். இசைக்கு நேரே பென்சிலால் டிக் போட்டு விண்ணப்பத்தை என்னிடம் தந்தாள். எந்த விண்ணப்பமானாலும் டைப்பிங் சென்டரில் கொடுத்து அடித்து வாங்குவதுதான் எங்கள் பழக்கம். ரோலா கடைத்தெருவில் இருந்த சென்டருக்கு எடுத்துப் போனேன்.

“பொண்ணு மியூசிக்குல டிக் பண்ணியிருக்கு. அதையே அடிச்சிரவாண்ணே?” என்றார் டைப் அடிப்பவர்.

“வேணாம் தம்பி. ஆஸ்பத்திரி வேலைப் பாடத்த அடிங்க. அந்த வேலைக்குத்தான் நாளைக்கு விசா கெடைக்கும்.”

அடித்து வந்த தாளை மகள் முழுக்கப் படித்தாள். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

வருடக் கடைசியில் அந்தப் பாடத்தில் ஏ கிரேடு வாங்கினாள்.

“பாத்தியா கண்ணு, அப்பா சொன்னது சரியாப் போச்சா?”

மார்க் ஷீட்டை என்னிடம் நீட்டி, “கங்கிராட்ஸ்ப்பா” என்றாள்.

குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. அந்தத் தாளைப் பாஸ்போர்ட் ஃபைலில் வைத்தேன். சண்டை போட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.