காலர் அக்காவின் கைக்கடிகாரம்

ரெடிமேட் கம்பெனியில் பதினோரு வருஷமாகச் சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்கிறாள் என்பதால் அவளுக்குக் காலர் அக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வராமல் என்ன செய்யும்? மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. சூப்பர்வைசர் ஒன்று இருபத்தைந்துக்கே மணியடித்துவிடுவான். நாற்பது பெண்களுக்கு இரண்டே கழிவறை. வரிசையின் கடைசியில் நிற்கிறவர்கள் அடக்கிக்கொண்டே மெஷினுக்குத் திரும்ப வேண்டும். செல்போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சுவர்க் கடிகாரம் அவன் அறைக்குள்ளே. அவனைக் கேள்வி கேட்க அக்காவின் கைக்கடிகாரம் ஒன்றுதான் இருந்தது.

அதன் வார் சனிக்கிழமை அறுந்தது. கடிகாரத்தை மெஷின் மேல் வைத்துக்கொண்டாள்.

"கையில கட்டுனா சரி. தனியா வச்சா துணிக்குள்ள விழும். லாக்கர்ல வச்சுப் பூட்டு" என்று சூப்பர்வைசர் பல்லைக் காட்டினான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடிகாரக் கடை இல்லை. நடைபாதையில் வார் விற்றவன், "விக்கிறது மட்டும்தான், மாட்டித் தர்றதில்ல" என்றான். சரி போடா என்று வீட்டுக்கு வந்து தானே உட்கார்ந்தாள்.

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார் வீட்டுக்காரர்.

"வாய மூடிக்கிட்டு டார்ச்ச நேரா பிடிங்க."

வாரையும் கடிகாரத்தையும் பிணைப்பது ஈர்க்குச்சி பருமனில் ஒரு ஸ்பிரிங் பின். அதன் நுனியைக் கத்தி முனையால் அழுத்தினால் கழன்று வரும் என்று நினைத்தாள். அது பீரோவுக்கு அடியில் பறந்தது. தரையில் குப்புறப் படுத்து, தும்மி, துடைப்பத்தால் இழுத்து எடுத்தாள். புது வாரில் பின்னைச் செருகி ஒரு நுனியை ஓட்டைக்குள் விட்டு, மறு நுனியை அழுத்தியபோது கத்தி நழுவிக் கட்டை விரலைக் கிழித்தது. சூப்பர்வைசரின் பரம்பரையையே திட்டிக்கொண்டு மறுபடி அழுத்தினாள். நாலாவது தடவை 'டக்' என்று உட்கார்ந்தது. இன்னொரு பக்கத்துக்கு இரண்டு தடவைதான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கட்டிக்கொண்டாள். குவிந்து கிடந்த காலர்களுக்கு நடுவே அதைக் குனிந்து பார்க்கவும் நேரமில்லை. மதியம் மணி அடித்ததும் நேராகப் போய், மணிக்கட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மணி என்ன சார்?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "தலைகீழா மாட்டியிருக்கியே! பன்னெண்டு உன் பக்கம் இருக்கு. இதுல நீ மணி பாக்குறியா?"

குனிந்து பார்த்தாள். உண்மைதான். பக்கிள் வைத்த துண்டை மேலே மாட்டுவதற்குப் பதில் கீழே மாட்டியிருந்தாள். முகம் சுண்டிப்போனது. அந்த வெட்கத்தையும் கோபம் வந்து அடித்துக்கொண்டு போனது.

"எனக்குத்தான் சார் தலைகீழ். எதிர்ல நிக்கிற உங்களுக்கு நேராத்தானே தெரியுது? படிங்க."

எந்த மெஷினும் ஓடவில்லை. அவன் வேறு பக்கம் பார்த்தான். அவள் நீட்டிய கையை இறக்கவில்லை.

"ஒண்ணு... இருபத்தஞ்சு" என்றான்.

"சத்தமா சொல்லுங்க. கழிவறைகிட்ட நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவர்களுக்குக் கேட்டுவிட்டது. வரிசையில் நின்ற ஒருத்தியும் மெஷினுக்குத் திரும்பவில்லை.