மாதேசண்ணன் பால் பூத்தில் கிடைத்த ஊசிகள்

மாதேசண்ணனை லாரி அடித்துக் கொன்றுவிட்டது. இன்று விடிகாலை, மைசூர் ரிங் ரோட்டில், பால் கிரேட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது... அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டதாம்.

பழைய பிஜி ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. அதன் கீழே ஒருத்தி கேட்டிருக்கிறாள், "யாரு, அந்த கஞ்சா பூத்காரனா?" அதற்கு மூன்று பேர் சிரிப்பு எமோஜி வேறு.

போனைச் சுவரில் அடித்து உடைக்கலாம் போல இருக்கிறது. அதற்கு முன் எல்லாரும் பார்க்கும்படி இதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நீட் கோச்சிங்குக்காக மைசூர் விஜயநகரில் ஒரு பிஜியில் தங்கியிருந்தேன். எனக்கு டைப் ஒன் சுகர், பதினொரு வயதிலிருந்து. தினம் நாலு வேளை இன்சுலின் போட்டால்தான் உயிர் நிற்கும்.

பிஜியில் இது யாருக்கும் தெரியாது. எனக்கு முன்னால் அங்கே இருந்த ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்ததும், அன்று மாலையே அவள் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தவர் அந்த ஓனரம்மா. என் அம்மா வேறு தினமும் போனில், "யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு, நாளைக்குக் கல்யாணம்னு வந்தா வம்பு" என்பாள்.

சரி, இன்சுலினை எந்த ஃபிரிட்ஜில் வைப்பது?

எதிரே இருந்த பால் பூத்தில். மாதேசண்ணன் ஹனூர்ப் பக்கம், நான் கொள்ளேகால் பக்கம், இரண்டும் தமிழ் பேசுகிற எல்லை ஊர்கள்... நம் ஊர்த் தமிழில் பேசியதும் வேறெதுவும் கேட்கவில்லை. தயிர் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு டிபன் டப்பாவை எனக்கென்று ஒதுக்கினார். பூத்துக்குப் பின்பக்கம், கிரேட் அடுக்கிய மறைவில் நின்று ஊசி போட்டுக்கொள்வேன்.

சாந்தமான மனிதர் என்றெல்லாம் எழுத மாட்டேன். மகா கோபக்காரர். கிரேட் மேல் பைக்கை ஏற்றிய ஒருத்தனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் சுகர் மடமடவென்று இறங்கி, பூத் வாசலில் உளற ஆரம்பித்துவிட்டேன். என் தாடையை அமுக்கிப் பிடித்து, "வாயத் தொற அம்மிணி, தொறங்கறேன்!" என்று பூத்திலிருந்த பால் பேடாவைத் திணித்தார். நினைவில்லாமல் அவர் விரலைக் கடித்துவிட்டேன், ரத்தம் வரும்வரை. தெளிந்ததும் என் காதில் விழுந்த வசவை இங்கே எழுத முடியாது.

அப்புறம் அந்தக் காலை...

தப்பு என்னுடையது. போட்ட ஊசிகளை மூடியுள்ள பாட்டிலில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சோம்பேறித்தனமாக, ஒரு வாரத்து ஊசிகளை கேரி பேக்கில் கட்டி பூத்தின் குப்பைத்தொட்டியில் போட்டேன். நாய் இழுத்துக் கிழித்துவிட்டது. பூத் முன்னால் ரோடெல்லாம் ஊசி.

வாக்கிங் வந்தவர்கள் பார்த்தார்கள். பத்தே நிமிடத்தில் முப்பது பேர். ஸ்டூடண்ட்ஸுக்கு போதை ஊசி விற்கிறான் என்று ஒருவர் சொன்னார். "ஹொடீரி அவன்ன!" என்று கன்னடத்தில் ஒரு கத்தல்... அடிங்கடா அவனை என்று.

முதல் அடி ஹெல்மெட்டால், முகத்தில். அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. கீழே விழுந்தவரை வாக்கிங் ஷூ போட்ட கால்கள் மிதித்தன. ஃபிரிட்ஜை இழுத்துக் கவிழ்த்தார்கள். டப்பாவில் இருந்த என் இன்சுலினை ஒருவர் எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, தரையில் போட்டுக் காலால் நசுக்கினார்.

அத்தனை பேரும் டிகிரி படித்தவர்கள். ஒருவர்கூட லேபிளைப் படிக்கவில்லை.

"சக்கரை நோய் மருந்து சார்" என்று மாதேசண்ணன் கத்தினார். யாருடையது, பெயரைச் சொல் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். பல் விழுந்தது. பெயர் வரவில்லை.

நான் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். புத்தகப் பையோடு, நாலடி தூரத்தில். அவர் என்னைத் தவிர எல்லாரையும் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

கீழே கிடந்த லேபிளைப் படித்தது, பிறகு வந்த போலீஸ்காரர் ஒருவர்தான். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனவரைச் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். அடித்தவர்கள் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு கண் மூடிப்போன முகத்தோடு பூத்தைத் திறந்திருந்தார். எனக்காக ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி வேறு. "நான் போயி எல்லாத்தயும் சொல்லிடறேங்ணா" என்று அழுதேன்.

"பரீச்சைக்கு எத்தன நாளிருக்குது?"

"பன்னண்டு."

"அப்பப் போயிப் படி. இப்பச் சொன்னீன்னா அந்தம்மா இன்னைக்கே உன்னயத் தொரத்தீரும். சீட்டு வாங்கு, அப்பறம் சொல்லு."

சீட் கிடைத்தது. ஸ்வீட் பாக்ஸோடு போனேன்.

"இப்பச் சொல்லலாமில்ல அம்மிணி?" என்று கேட்டார். "என்ற புள்ளயப் பள்ளிக்கொடத்துல கஞ்சாக்காரன் மகள்ங்கறாங்க."

அம்மா பயப்படுகிறாள் என்றேன். அவர் ஷட்டரை ஓங்கி இழுத்துச் சாத்தினார். பாக்ஸைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு லேஅவுட் வீடுகளில் யாரும் அவரிடம் பால் வாங்கவில்லை. அதனால்தான் ரிங் ரோட்டுக்குப் போனார். லாரி ஓடுகிற ரோட்டுக்கு.

நான் இப்போது எம்பிபிஎஸ் நாலாம் வருஷம்.

குரூப்பில் சிரித்தவர்களே, ஹெல்மெட்காரரே... அந்த ஊசிகள் என்னுடையவை. நீங்கள் நசுக்கியது இன்சுலின். என் பெயர் பவித்ரா. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். என்னைப் பெண் பார்க்க வரப்போகிறவர்களுக்கும் அனுப்புங்கள்.

நாளை ஹனூரில் அடக்கம். அவர் மகள் எதிரில் போய் நிற்க வேண்டும். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை.

மாதேசண்ணா... சொல்லிட்டேங்ணா. போயிட்டு வாங்க.