கட்டிலடியில் தேடிய வானம்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் வானத்தை உடைத்தேன். உடைத்தேனா என்பதில்தான் குழப்பம்.

தெலுங்கு பேசும் ஊரான குஷாய்குடாவில் நான் படித்த பள்ளியிலேயே அப்பா ஆய்வக உதவியாளர். ஒப்பந்த வேலை. அவருக்கு முன்னால் இருந்தவர் மைக்ராஸ்கோப்பைக் கீழே போட்ட அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் கதையை அம்மா வாரம் ஒரு முறையாவது சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டில் டம்ளரைக்கூட மெதுவாகத்தான் வைப்போம்.

அறிவியல் கண்காட்சிக்காகப் பிரின்சிபல் மேடம் ஒரு களிமண் வட்டை வரவழைத்திருந்தார். சுமேரியர் காலத்து நட்சத்திரப் படத்தின் நகல். அதற்கு ஒரு மரத் தாங்கி செய்யச் சொல்லி, கூரியர் பெட்டியோடு அப்பாவிடம் கொடுத்துவிட்டார். எங்கள் ஸ்கூட்டர் மூன்று நாளாக மெக்கானிக்கிடம் கிடந்தது. அப்பா பெட்டியைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். பபிள் உறையைப் பிரிக்காமலே அளவெடுத்தார். "யாரும் தொடப்பிடாது" என்று பொதுவாகச் சொன்னார், பார்த்தது என்னைத்தான். பிறகு மரத்துண்டு வாங்கக் கிளம்பினார்.

தொடாமல் இருக்க முடியுமா? பிரித்தேன். கேக்குக்குப் போட்டதுபோல எட்டுப் பங்காகக் கோடுகள், நடுவே கோழி கிளறிய மாதிரி எழுத்து. இதுவா வானம் என்று திருப்பிப் பார்க்கும்போதே முழங்காலிலிருந்து நழுவிப் பாய்மேல் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. எடுத்தால், ஓரத்தில் பெரிய பெரிய துண்டுகளைக் காணோம்!

பாயை உதறினேன். விளக்குமாற்றால் கட்டிலடியைத் துழாவினேன். ஒரு துணுக்குகூடக் கிடைக்கவில்லை. உடைந்தது சரி, உடைந்த துண்டு எங்கே போய்த் தொலையும்? பெட்டியின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு தாள் கிடந்தது. அதைப் படிக்கிற நிலையிலா இருந்தேன்?

"என்னட்டி தேடுத?"

வாசலில் அப்பா.

"ரப்பர்ப்பா."

அவர் மேஜையைப் பார்த்தார். வட்டைப் பார்த்தார். முகம் ஒரு நிமிஷம் வெளுத்துப்போனது. பிறகு செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, என் பக்கத்திலேயே மண்டியிட்டு அவரும் கட்டிலடியில் ரப்பரைத் தேடினார். வெகுநேரம் தேடினார்.

கிடைக்கவில்லை. அப்பா பைப் அடைக்கிற எம்-சீலைப் பிசைந்து வட்டின் இடைவெளிகளை நிரப்பினார். காய்வதற்குள் ஊசியால் கோடுகளை நீட்டி, தனக்குத் தோன்றிய இடத்தில் நாலைந்து நட்சத்திரமும் குத்தினார். காவிப்பொடியைக் குழைத்து மேலே தடவினார்.

மறுநாள் மரத் தாங்கியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். 'நான்தான் மேடம்' என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அறைக்குள் போனதும் தாங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்பாவே அரைகுறைத் தெலுங்கில் ஆரம்பித்தார். வரும் வழியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டாராம், வட்டு உடைந்துவிட்டதாம், தப்பு முழுக்கத் தன்னுடையதாம்.

மேடம் வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரே, ஏம்ச்சேசாரு!" என்ன செய்துவைத்திருக்கிறீர்கள் என்று தலையில் கைவைத்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அசல் வட்டு என்றைக்கோ உடைந்ததாம். நகல் செய்தவர்கள் உடைசலையும் அப்படியே செய்திருக்கிறார்களாம். மனுஷன் செய்கிற வேலையா இது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. செய்கிறவன் முழுசாகச் செய்து தொலைக்கக் கூடாதா?

வேலை போகவில்லை. பூசிய வானத்தை, கண்காட்சி தொடங்கும் பத்து மணிக்குள் சுரண்டி எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். அப்பா சுரண்டினார், நான் ஊதினேன்.

எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. நானும் உடைக்கவில்லை, அப்பாவும் உடைக்கவில்லை. சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் கேட்டேவிட்டேன்.

"ஸ்கூட்டர் மெக்கானிக்ட்டல்லா இருக்கு? எப்படிப்பா விழுந்தீங்க?"

அப்பா வெளியே பார்த்தபடி, "ஒன் ரப்பர் கெடைச்சுதா?" என்றார்.

"அது மேஜை மேலேயேதான இருந்துச்சு."

"தெரியும்."

தெரிந்துமா அவ்வளவு நேரம் டார்ச் அடித்துத் தேடினார்? ஸ்கூட்டர் எங்கே நிற்கிறது என்பதும் நினைவில்லை, ரப்பர் கண்ணெதிரே இருந்தும் தேடுகிறார். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அன்று ராத்திரி அம்மாவிடம் மிகவும் கவலையோடு சொன்னேன்.